ட்ரெவர் நோவாவின் தன்வரலாறு: நடுவில் வரும் விடலைக் கதைகள் வெறும் இளைப்பாறலா?

நெடுவழி (தொடக்கப் பதிவு)

தென்னாப்பிரிக்க மேடை நகைச்சுவையாளர் ட்ரெவர் நோவா எழுதி 2016 நவம்பரில் வெளிவந்த ‘பார்ன் எ கிரைம்’ என்னும் தன்வரலாற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களையே எடுத்துச் சொல்கிறார்கள். கோசா என்னும் கறுப்பினத்தைச் சேர்ந்த தாய்க்கும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வெள்ளைத் தந்தைக்கும், இரு நிறத்தாரின் உறவைச் சட்டம் தடைசெய்திருந்த 1984இல், அவர் பிறந்ததே குற்றத்துக்குச் சான்றாக இருந்தது என்னும் தொடக்கம் ஒன்று. தாயின் முன்னாள் கணவர் 2009இல் அந்தத் தாயைத் தலையில் சுட்டதும், அவர் உயிர் பிழைத்ததும் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, 9 முதல் 14 வரையான அத்தியாயங்களில், விடலைப் பருவத்தின் கூச்சமும் ஏமாற்றமும் முகப்பருவும் பெண்களிடம் வாய் எழாமல் நின்ற வேளைகளும் விரிவாக வருகின்றன. அவற்றை இளைப்பாறும் இடமாகக் கருதி வேகமாகப் புரட்டிப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். என் வாசிப்பில் நூலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

தொடக்கப்பள்ளியில் காதலர் தினம் நெருங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளியில் ‘கலர்ட்’ என்று அந்நாட்டில் அழைக்கப்படும் கலப்பினப் பிரிவைச் சேர்ந்த மாணவி ஒருத்திதான் இருக்கிறாள். ட்ரெவரின் தோலும் அதே நிறம் என்பதால் இருவரும் சோடி சேர்ந்தே ஆக வேண்டும் என்று உடன் படிக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். பையன் பூவும் பொம்மையும் வாழ்த்து அட்டையும் தயார் செய்துகொண்டு போய் நிற்கும் நாளில், பள்ளியே கொண்டாடும் வெள்ளைச் சிறுவன் ஒருவன் கேட்டுவிட்டதால் அவனுடன் போவதாக அவள் சொல்லிவிடுகிறாள். நிறத்தைக் காட்டிச் சேர்த்துவைத்தவர்கள், நிறவரிசையில் மேலே நிற்பவன் வந்ததும் அந்தச் சேர்க்கை கலைந்ததை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது நிறஒதுக்கல் (அபார்த்தைட்) ஆட்சி முடிந்துவிட்டது. பள்ளி எல்லா நிறத்தவருக்கும் பொதுவானது. யாரும் யாரையும் இழித்துப் பேசவில்லை. ஆனாலும் பழைய ஏணி அப்படியே நிற்கிறது. நண்பர்கள் இந்தப் பகுதியை எப்படி வாசித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

செங்கழுநீர்

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக மேல்நிலைப்பள்ளியில் பாடம் நடத்தி வருகிறவள் என்ற முறையில் மாற்றுக் கருத்தொன்றைப் பதிவு செய்கிறேன். முகப்பருவும் நிராகரிப்பும் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் வருகின்றன. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ட்ரெவர் வளர்ந்த ஜோகன்னஸ்பர்க் என்ன, சட்டம் என்ன? உயர்நிலைப்பள்ளியில் மனத்துக்குப் பிடித்த பெண்ணிடம் கடைசி வரை சொல்லாமலே இருந்து, அவள் குடும்பத்தோடு அமெரிக்கா போன பிறகு, அவளுக்கும் தன்மேல் விருப்பம் இருந்ததைத் தோழி சொல்லி அறியும் அத்தியாயம் இருக்கிறதே, அதில் இனம் எங்கே வருகிறது?

அந்தப் பக்கங்கள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நகைச்சுவையாளர் தம் நாட்டின் கொடுமையை அயல்நாட்டு வாசகர் முகம் சுளிக்காமல் விழுங்க வேண்டும் என்பதற்காகத் தடவிய தேனாகத்தான் அவை எனக்குத் தோன்றின. நூல் வெளிவந்தபோது அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி டெய்லி ஷோ’ நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதல் வாசகர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

வழக்கேடு

இருவரின் கருத்துக்கும் போவதற்கு முன், சட்டத்தின் நிலையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நூலின் தலைப்பே அதைச் சார்ந்து நிற்கிறது. வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் இடையே உடலுறவைக் குற்றமாக்கிய ஒழுக்கக்கேட்டுச் சட்டம் 1927லேயே வந்துவிட்டது. ஆணுக்கு ஐந்தாண்டு, பெண்ணுக்கு நான்காண்டு வரை சிறை. அதாவது 1948இல் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்து நிறஒதுக்கலை அரசின் கொள்கையாக்குவதற்கு 21 ஆண்டுகள் முன்பே அந்தத் தடை இருந்தது. பின்னர் 1949இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. 1950இல் மக்கள் பதிவுச் சட்டமும் குழுவாழிடச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

கலப்புறவுத் தடையும் கலப்புத் திருமணத் தடையும் 1985இல் நீக்கப்பட்டன. அப்போது ட்ரெவருக்கு ஒரு வயது. பெற்றோர் செய்தது குற்றம் என்ற நிலை போய்விட்டது; ஆனால் யார் எந்த இனம், யார் எங்கே குடியிருக்கலாம் என்பவற்றை வகுத்த இரு சட்டங்களும் 1991 வரை நீடித்தன. எனவே அவருடைய குழந்தைப் பருவத்தை உண்மையில் நெருக்கியவை பின்னவைதான். தாய் வெள்ளையர் பகுதியான ஹில்புரோவில் வேறொருவர் பெயரில் வாடகைக்கு அறை பிடித்துக் கமுக்கமாக வாழ்கிறார். தெருவில் நடமாட வீட்டு வேலைக்காரியின் உடுப்பை அணிந்துகொள்கிறார். பூங்காவுக்குக் குழந்தையைக் கூட்டிப்போகும்போது, குழந்தையின் நிறத்தை ஒத்த கலப்பினப் பெண்மணி ஒருவரைத் தாய்போல முன்னால் நடக்கவிட்டு, பெற்ற தாய் பணிப்பெண்போலப் பின்னால் நடக்கிறார். கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவேட்டோவில் பாட்டி வீட்டில் பையனைத் தெருவில் விளையாட விடவில்லை. காவலர் கண்ணில் பட்டால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சம்.

பழகும் வயதில் தெருப்பிள்ளைகளோடு பழகவிடாமல் பூட்டி வளர்க்கப்பட்டவன் விடலைப் பருவத்தில் எங்கும் ஒட்டாதவனாக நிற்பதை, எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் கூச்சத்தோடு ஒரே தட்டில் வைக்கலாமா என்பதுதான் செங்கழுநீர் அவர்களிடம் நான் கேட்க விரும்புவது.

மேட்டுத்தெரு

கணக்குத் தணிக்கை வேலையாக ஜோகன்னஸ்பர்க்கில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். இந்நூலை அங்கே இருந்தபோதுதான் வாசித்தேன். நூலில் வரும் தொலைவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த நகரத்தில் தொலைவு என்பது திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. கறுப்பின மக்களின் குடியிருப்புகள் நகரத்துக்கு வெளியே, சுரங்கக் கழிவு மேடுகளுக்கு அப்பால் அமைக்கப்பட்டன. சொவேட்டோவுக்குள் போகவும் வெளியே வரவும் இரண்டே சாலைகள் வைத்ததன் நோக்கம், கலகம் வந்தால் படையைக் கொண்டு அடைத்துவிடலாம் என்பதுதான் என்று ட்ரெவர் எழுதுகிறார். பொதுப் போக்குவரத்து சரிவரத் தரப்படாததால் கறுப்பின மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டது மினிபஸ் வண்டிகள். நிறுத்தம் என்று பலகை எதுவும் இருக்காது. சாலையோரம் நின்று சுட்டுவிரலை மேல்நோக்கிக் காட்டினால் நகர மையத்துக்குப் போக வேண்டும் என்று பொருள். வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு சைகைகள். பின் இருக்கைக்காரர் கொடுக்கும் கட்டணம் கைமாறிக் கைமாறி முன்னால் போகும். சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். வண்டிக்குள் எந்த மொழி பேசப்படுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நூலின் முதல் அத்தியாயம் அப்படிப்பட்ட மினிபஸ்ஸில்தான் நடக்கிறது. ஞாயிறுதோறும் தாய் மகனை மூன்று தேவாலயங்களுக்கு அழைத்துப் போவார்: எல்லா நிறத்தவரும் கூடுவது ஒன்று, வெள்ளையருடையது ஒன்று, கறுப்பினத்தவருடையது ஒன்று. பழைய ஃபோக்ஸ்வேகன் கார் கிளம்ப மறுத்த ஞாயிறன்று அவர்கள் மினிபஸ்ஸில் ஏற, ஜூலு இன ஓட்டுநர் கோசாப் பெண்ணான தாயை இழிவாகப் பேசி மிரட்டுகிறார். வண்டி வேகம் குறையும் இடத்தில் தாய் கதவைத் திறந்து மகனை வெளியே தள்ளிவிட்டு, கைக்குழந்தையோடு தாமும் குதிக்கிறார். கறுப்பினத்தவரையே இனம் இனமாகப் பிரித்து மோதவிட்ட அரசியலின் விளைவு அந்த ஓட்டுநரின் வாயில் அன்றாடப் பேச்சாக வருகிறது. இதை வரலாற்று நூல்களில் படித்திருந்தாலும், வேலைக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்து இரு மொழிக்காரர்கள் முறைத்துக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நெடுவழி

வழக்கேடு ஐயாவின் சட்டக் குறிப்புக்கும் மேட்டுத்தெரு நண்பரின் விவரங்களுக்கும் நன்றி. செங்கழுநீர் அம்மையாரின் ‘தேன்’ வாதத்துக்கு நூலின் கட்டமைப்பிலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

நடுப்பகுதியின் ஆறு அத்தியாயங்களை வரிசையாகப் பாருங்கள். ஒன்பதாவது, கலப்பினச் சிறுவர்கள் அவரை முசுக்கொட்டைப் பழங்களால் அடித்து விரட்டும் கதை. பத்தாவது காதலர் தினம். பதினொன்றாவது உயர்நிலைப்பள்ளியில் எந்தக் குழுவிலும் சேராமல் நின்ற கதை. பன்னிரண்டாவது, நீங்கள் குறிப்பிட்ட சொல்லாத காதல். பதின்மூன்றாவது கண்காணிப்பு கேமராவின் கதை. பதினான்காவது பள்ளி இறுதியாண்டு நடன விழா. இனம், காதல், இனம், காதல், இனம், காதல் என்று மாறி மாறி வருகின்றன. மூன்று காதல் அத்தியாயங்களுக்கும் ஒரே நீண்ட தலைப்பைக் கொடுத்து முதல் பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று பிரித்திருக்கிறார். இனிப்புத் தடவுவதுதான் நோக்கமென்றால் அவற்றைத் தனியே ஓரிடத்தில் வைத்திருக்கலாம். அவர் இரண்டையும் பின்னியிருக்கிறார். கண்ணாடி முன் நிற்கும் பையன் தன்னை அழகற்றவன் என்று நினைக்கும் நினைப்பும், தெருவில் உள்ளவர்கள் அவனை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தடுமாறும் தடுமாற்றமும் ஒரே உடலின் மேல் நடக்கின்றன என்பதை அந்த வரிசையே காட்டுகிறது.

கேமராக் கதையை விரித்துச் சொன்னால் என் கருத்து விளங்கும். ட்ரெவரும் அவருடைய கறுப்பின நண்பனும் வணிக வளாகத்தில் மதுத்துளி வைத்த சாக்லேட்டுகளைத் திருடுகிறார்கள். காவலர்கள் துரத்தும்போது நண்பன் பிடிபடுகிறான், இவர் தப்பிவிடுகிறார். பிறகு பள்ளியில் அவரை அலுவலகத்துக்கு அழைத்துக் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம். நண்பனின் கரிய தோலுக்கேற்பக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டதால், பக்கத்தில் இருக்கும் ட்ரெவரின் வெளிர்பழுப்புத் தோல் திரையில் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. அறையில் உள்ள பெரியவர்கள் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, உன் நண்பனோடு சுற்றும் இந்த வெள்ளைக்காரப் பையன் யார் என்று அவரிடமே கேட்கிறார்கள். மூக்கு அவருடையது, தலைமுடி அவருடையது, உடை அவருடையது. அத்தனையும் கண்ணெதிரே இருந்தும், படத்தில் தெரியும் நிறம் ‘வெள்ளை’ என்று மனத்தில் பதிந்துவிட்டதால் அவர்களால் அவரைக் காண முடியவில்லை. தப்பித்த மகிழ்ச்சி ஒருபுறம் இருக்க, தன்னை யாரும் பார்ப்பதே இல்லை என்ற அதிர்ச்சி அந்தப் பையனுக்கு வருகிறது. பேதைமையான திருட்டுக் கதையாகத் தொடங்கியதை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இதைவிடக் கூர்மையாக இனப்பாகுபாட்டின் இயக்கத்தை விளக்கும் பக்கங்களை நான் அதிகம் வாசித்ததில்லை.

தாழைமடல்

எல்லாரும் மகனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பட்ரீசியா நோவா ஒன்பது வயதில், கோசா மக்களுக்கென ஒதுக்கப்பட்ட டிரான்ஸ்கைப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, குடிசையில் பல பிள்ளைகளோடு பசியில் வளர்ந்தவர். ஆற்றங்கரைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து வயிறு நிறைந்ததாக எண்ணிக்கொண்ட நாட்கள் உண்டு. கறுப்பினப் பெண்ணுக்குத் தொழிற்சாலையோ வீட்டு வேலையோதான் என்று இருந்த காலத்தில் தட்டச்சுப் படித்து அலுவலகச் செயலராகிறார். குழந்தை வேண்டும் என்று தீர்மானித்து, சட்டம் என்ன சொன்னாலும் பெற்றுக்கொள்கிறார். மகனோடு வாக்குவாதம் வந்தால் இருவரும் முறையான கடிதம் எழுதிக்கொள்வார்கள். மகன் ஓடினால் தெருவெல்லாம் துரத்திப் பிடிப்பார். மகன் ஒட்டாதவனாக வளர்ந்தாலும் தாழ்ந்தவன் என்ற நினைப்பு இல்லாமல் வளர்ந்ததற்கு அந்த அம்மாதான் காரணம். வெள்ளையர் பகுதியிலுள்ள பூங்காவுக்கும் பனிச்சறுக்குத் திடலுக்கும் அழைத்துப் போய், உலகம் குடியிருப்பின் வேலியோடு முடிந்துவிடவில்லை என்பதைச் சிறுவயதிலேயே காட்டிவிடுகிறார்.

அதே பெண், தம் கணவர் அடித்தபோது காவல் நிலையத்துக்குப் போகிறார். அங்கிருந்தவர்கள் புகாரைப் பதிவு செய்ய மறுத்து, அவரை ஏன் கோபப்படுத்தினாய் என்ற தோரணையில் கேட்கிறார்கள். கணவர் வந்து அவர்களோடு கைகுலுக்கிப் பேசியதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்போது நிறஒதுக்கல் அரசு இல்லை. அந்த நிலையத்தில் இருந்தவர்கள் எதிரியான வெள்ளைக் காவலர்களும் இல்லை. 2009இல் சுட்ட பிறகும் அந்த மனிதர் சிறையில் ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவிக்கவில்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டுவிட்டார்கள். நாடு விடுதலை பெற்றது என்ற வெற்றிக் கதையாக இந்நூலை வாசிப்பவர்கள் இந்தப் பக்கங்களில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தேன் தடவுவது பற்றியும் ஒரு சொல். மருத்துவமனைப் படுக்கையில், முகத்தில் கட்டோடு, அழுதுகொண்டிருக்கும் மகனைப் பார்த்து அந்த அம்மா சொல்வது என்ன தெரியுமா? இனி இந்தக் குடும்பத்தில் அழகானவன் நீதான் என்ற பொருளில் கேலி செய்கிறார். சிரிக்க அவரை எந்த அமெரிக்க வாசகரும் கேட்கவில்லை. மகன் மேடையில் விற்கும் சரக்கு அந்த வீட்டில் உயிரைப் பிடித்துக்கொள்ளப் பயன்பட்டது.

வழக்கேடு

தாழைமடல் அக்கா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நம் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன்.

சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அந்த மக்களில் தமிழர் கணிசமானவர்கள். நிறஒதுக்கல் ஏணியில் அவர்களின் வழித்தோன்றல்கள் வெள்ளையருக்குக் கீழேயும் கறுப்பினத்தவருக்கு மேலேயும் வைக்கப்பட்டார்கள். ட்ரெவர் பிறந்த அதே 1984இல் நடைமுறைக்கு வந்த முத்தரப்பு நாடாளுமன்றத்தில் வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, இந்தியருக்கு ஓர் அவை. பெரும்பான்மையான கறுப்பினத்தவருக்கு எதுவும் இல்லை. இந்தியரிலும் கலப்பினத்தவரிலும் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள் என்பது பெருமைக்குரியது. சிலர் பதவி ஏற்றார்கள் என்பதும் வரலாறு.

நூலில் ட்ரெவர் புதிய பள்ளியில் சேரும் நாளில், ஏறத்தாழ முழுவதும் வெள்ளைப் பிள்ளைகளே இருக்கும் முதல்தர வகுப்பில் அவரை ஓடிவந்து வரவேற்பவன், தமிழ்க் குடும்பப் பெயர் கொண்ட இந்திய வம்சாவளிச் சிறுவன். தன்னைப்போலவே எந்தக் கூட்டத்திலும் சேராதவன் வந்திருக்கிறான் என்று கண்டுகொண்ட மகிழ்ச்சி அவனுக்கு. இடைவேளையில் ட்ரெவரை அழைத்துக்கொண்டு திரிந்து, இவன் ஆப்பிரிக்க மொழிகள் பேசுவான், கேளுங்கள் என்று மற்றப் பிள்ளைகளிடம் வேடிக்கை காட்டிக் காசு சேர்த்து, பள்ளிக் கடையில் தின்பண்டம் வாங்குகிறான். அதே இடைவேளையில் கறுப்பினப் பிள்ளைகளோடு அவர்கள் மொழியில் பேசிப் பார்க்கும் ட்ரெவர், ஆலோசகரிடம் போய்த் தன்னைக் கறுப்பினப் பிள்ளைகள் இருக்கும் கீழ்த்தர வகுப்புக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறார். எதிர்காலம் கெட்டுவிடும் என்று எச்சரித்தும் கேட்கவில்லை. அந்தத் தமிழ்ப் பெயர்ச் சிறுவனுக்கு அப்படி மாறிப்போக வேறு வகுப்பு இருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தேன்.

செங்கழுநீர்

கேமராக் கதையைப் பொறுத்தவரை நெடுவழி அவர்களின் வாசிப்பு வலுவானது. ஆறு அத்தியாயங்களின் வரிசையையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னபடியே இருக்கிறது. ஆனால் அந்த வரிசையின் கடைசியான நடன விழா அத்தியாயம் எனக்கு இன்னும் இடறுகிறது.

இவருடைய சி.டி. வியாபாரக் கூட்டாளி ஒருவன் மிக அழகான பெண்ணொருத்தியை விழாவுக்கு உடன்வரச் சம்மதிக்க வைக்கிறான். ஒரு மாதத்துக்கும் மேலாக அவளையும் அவளுடைய சகோதரிகளையும் நண்பர்களையும் கூட்டமாகச் சந்திக்கிறார்கள். விழாவன்று வழி தெரியாமல் சுற்றித் தாமதமாகப் போய்ச் சேருகிறார்கள். அவள் காரை விட்டு இறங்க மறுக்கிறாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அங்கிருந்த யாரோ பேசிப் பார்த்த பிறகுதான் அவள் பேசுவது பெடி மொழி, ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது என்பது வெளிப்படுகிறது. அப்போது 11 ஆட்சிமொழிகள் கொண்டிருந்த நாட்டில், ஆங்கிலம், கோசா, ஜூலு, ஸ்வானா, சோங்கா, ஆப்பிரிக்கான்ஸ் என்று பல மொழிகளால் திருடர்களிடமிருந்தும் சிறை அறையிலும் தப்பித்த இவருக்கு அந்த ஒரு மொழி தெரியவில்லை. இத்தனை நாளும் அவளோடு தனியே ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் இவருக்கு உறைக்கிறது.

வாசிக்கும்போது சிரித்தேன். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் நின்று யோசித்தேன். யாரோ பேரம் பேசி முடித்த ஏற்பாட்டில், புரியாத மொழி பேசும் பையனோடு, தெரியாத இடத்தில், இரவில், காரில் உட்கார்ந்திருக்கிறாள். இறங்க மறுத்தது அவளுக்கு நியாயமாகப் பட்டிருக்கும். அந்தப் பக்கம் நூலில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைத்தால் அந்த அத்தியாயத்தை வகுப்பில் வைத்துப் பேசிவிட்டுத்தான் கொடுப்பேன்.

தாழைமடல்

டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாய்க்கு இந்த நூலில் முழுக் குரல் இருக்கிறது. வாதாடுகிறார், கடிதம் எழுதுகிறார், கேலி செய்கிறார். அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. அவள் சொல்லியிருக்கக்கூடியதை ஊகித்து எழுதாமல் விட்டது ஒருவகையில் நேர்மை என்றும் சொல்லலாம். ஆனாலும் அவளைக் கேட்க யாரும் இருக்கவில்லை என்ற குறை அப்படியே நிற்கிறது.

நெடுவழி

செங்கழுநீர் அம்மையாரின் கேள்வியை எடுத்துக்கொண்டு அந்த அத்தியாயத்துக்குத் திரும்பப் போனேன். அவள் ஏன் இறங்கவில்லை என்பதை அவர் விளக்க முயலவில்லை என்பது உண்மை. ஆனால் அவளோடு பேசாமலே இருந்ததற்கான காரணத்தைத் தம்மிடத்திலேயே தேடுகிறார்: அழகான பெண் தன்னோடு வரச் சம்மதித்ததே போதும் என்று, பேச வேண்டிய தேவையையே உணராமல் இருந்திருக்கிறார். தன்னை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்ற வலி கேமரா அத்தியாயத்தில் வந்த மறுகணமே, தான் ஒருத்தியைச் சரியாகப் பார்க்காத கதையை வைத்திருக்கிறார் என்பதால் அந்த இரண்டையும் சேர்த்தே பாடமாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பில் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: இளையோருக்கான சுருக்கப் பதிப்பு 2019இல் வந்திருக்கிறது. அதோடு, ட்ரெவர் தம் குரலிலேயே வாசித்த ஒலிநூலும் கிடைக்கிறது. பாட்டியின் பேச்சு, மினிபஸ் ஓட்டுநரின் மிரட்டல், சிறை அறையில் சோங்கா மட்டுமே தெரிந்த பெரிய மனிதரோடு இவர் பேசும் இடம் ஆகியவற்றில் மொழிக்கு மொழி அவர் குரல் மாறுவதை அச்சில் உணர முடியாது. பிள்ளைகளுக்கு முதலில் அந்தச் சிறைப் பகுதியைக் கேட்கவிட்டு, பிறகு நடன விழாவைக் கொடுங்கள்.